தொட்டி பயன்பாட்டில் உள்ளது

2.6.2025

அனுப்புநர்:
ஜெ. இசைப்பிரியா,
வள்ளலார் நகர், 9ஆவது வார்டு,
ஊத்தங்கொல்லை, நெய்வேலி அருகில்.

பெறுநர்:
திரு. பா. செங்குட்டுவன்,
தலைமை எழுத்தர் மற்றும் பொதுத் தகவல் அலுவலர்,
பேரூராட்சி அலுவலகம், ஊத்தங்கொல்லை.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் கோருதல்.

ஐயா,

எங்கள் தெருமுனையில் வெளிர்நீல வண்ணத்தில் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி நிற்கிறது. அதிலிருந்து இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. ஏன் என்று தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. தொட்டி ஒழுகுகிறது என்கிறார் மளிகைக்கடைக்காரர். திறந்துவைக்கப் பெரிய மனிதர் யாரோ வர வேண்டும், அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அஸ்திவாரம் தோண்டும்போது பாம்பை அடித்துவிட்டார்களாம், அதனால்தான் என்று ஒரு அம்மா சொன்னார். மூன்றையும் கேட்ட பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது. உண்மையான காரணம் என்னவாக இருக்கும் என்ற ஆவல்தான் மிச்சம். எனவே கீழ்க்கண்ட தகவல்களைத் தந்து உதவவும்.

1. மேற்படி தொட்டி எப்போது கட்டி முடிக்கப்பட்டது? கொள்ளளவு என்ன?
2. தொட்டி பயன்பாட்டில் உள்ளதா?
3. இல்லையென்றால், ஏன்?

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருக்கிறேன். சட்டப்படி முப்பது நாளுக்குள் தாங்கள் எனக்குப் பதில் எழுதியாக வேண்டும். மூன்று வருடத்தில் தாங்கள் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தையாக அது இருக்கும். மனுதாரர் தங்கள் கூடப்பிறந்த தங்கை என்பதை மனுவில் குறிப்பிடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. அதனால் குறிப்பிட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஜெ. இசைப்பிரியா


27.6.2025

பேரூராட்சி அலுவலகம், ஊத்தங்கொல்லை.

பார்வை: மனுதாரர் திருமதி ஜெ. இசைப்பிரியா அவர்களின் 2.6.2025 நாளிட்ட மனு.

பார்வையில் காணும் மனுவில் கோரப்பட்ட தகவல்கள் கீழ்க்கண்டவாறு வழங்கப்படுகின்றன.

1. 2023 நவம்பரில் கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 60,000 லிட்டர்.
2. தொட்டி பயன்பாட்டில் உள்ளது.
3. இரண்டாவது இனத்துக்கான பதிலைக் காண்க. மேலும், ‘ஏன்’, ‘எதற்கு’ என்ற வகையிலான வினாக்கள் தகவல் என்ற வரையறைக்குள் வராது.

இப்பதிலில் திருப்தி இல்லையெனில், முப்பது நாளுக்குள் செயல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

பா. செங்குட்டுவன்
பொதுத் தகவல் அலுவலர்

குறிப்பு: மனுதாரர் தமது உறையில் அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தவறாக எழுதியுள்ளார். இனிவரும் காலங்களில் சரியாக எழுதவும்.


1.7.2025

மதிப்பிற்குரிய பொதுத் தகவல் அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் பதில் கிடைத்தது. அஞ்சல் எண்ணைத் திருத்தியதற்கு நன்றி. நான் ஏழாவது படிக்கும்போது என் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் திருத்தியவர் அப்படியேதான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

தொட்டி பயன்பாட்டில் உள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். மேலே இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர் வருகிறது. நான் வடலூர் லேபுக்கு வேலைக்குப் போய்விடுவேன். என் கணவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, எந்த ஷிப்ட் என்று முதல் நாள்தான் தெரியும். ஆகவே குடத்தோடு வரிசையில் நிற்பது என் மாமியார்தான். மாமாவின் பெர்மனென்ட் வேலை முடிந்து, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, எங்களோடு வந்து ஒரு வருடமாகிறது. மாமியார் முப்பது வருடம் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்த வீட்டில் இருந்தவர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் விடுகிறார்கள் என்று யோசித்ததே இல்லை என்கிறார். இப்போது லாரி டிரைவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்.

என் வேலையும் ஒரு விதத்தில் இதுதான். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்வேன். பார்க்காமல் ரிப்போர்ட்டில் எழுத மாட்டேன். அதனால் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தகவல் என்றால் தாளில் இருப்பது மட்டும் இல்லையாம். நடந்த பணியை நேரில் பார்வையிடவும் குடிமக்களுக்கு உரிமை உண்டாம். இரண்டாவது பிரிவில் இருக்கிறது.

ஆகவே மேற்படி தொட்டியை, உள்பக்கம் உட்பட, நேரில் பார்வையிட அனுமதி வேண்டுகிறேன். வில்லை ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெ. இசைப்பிரியா


24.7.2025

பார்வை: மனுதாரரின் 1.7.2025 நாளிட்ட மனு.

மனுதாரர் கோரியபடி, 6.8.2025 காலை பத்து மணிக்குத் தொட்டியைப் பார்வையிட அனுமதிக்கப்படுகிறது. தொட்டி இயக்குநர் திரு. பழனிவேல் சாவியுடன் உடனிருப்பார். ஏணியில் ஏறுவது மனுதாரரின் சொந்தப் பொறுப்பு.

பா. செங்குட்டுவன்
பொதுத் தகவல் அலுவலர்

(உறைக்குள் தனித்தாளில்)

இது ஆபீஸ் கடிதம் இல்லை.

நீ ஏறாதே. அவரை ஏறச் சொல். அந்த ஏணி நேர்ச் செங்குத்தாகப் போகிறது என்று பழனிவேல் சொன்னான்.

உன் முதல் மனுவை மூன்றாவது முறை படிக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் உன் கையெழுத்து தெரியும்.

“பாப்பா எழுத்தாச்சே. என்னாடா எழுதிக்கிறா?”

“தண்ணி வரலியாம்.”

“வரலன்னா தொறந்து வுடு. அதுக்குத்தான ஆபீஸ்ல ஒக்காந்துகினு இருக்கற.”

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

செங்குட்டுவன்


7.8.2025

அண்ணனுக்கு,

நேற்று ஏறினேன். இறங்கியும் விட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ வருவாய் என்று நினைத்தேன். ஆபீஸ் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். பழனிவேல் அண்ணன் மட்டும் சைக்கிளில் வந்தார். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, திட்டி, ஒருவழியாகத் திறந்தார். என் மாமியார் கூடவே வந்தார். “துப்பட்டாவ இடுப்புல இறுக்கிக் கட்டிக்கோ. நான் கீழ நிக்கேன், பயப்படாத” என்றார். நான் விழுந்தால் அவர் பிடித்துவிடுவார் போல ஏணிக்கு நேர் கீழே நின்றார். பழனிவேல் அண்ணன் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை.

பாதி ஏறியதும் கை வழுக்கியது. கீழே பார்க்கக் கூடாது என்று எதிரே பார்த்தேன். டவுன்ஷிப் முழுக்க மரமாகத் தெரிந்தது. அதற்கப்பால் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், மலை மாதிரி. அந்த மண்மேட்டை இத்தனை வருடம் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் அதன் உச்சியில் பாதை போட்டிருப்பது தெரிகிறது. நம் வீட்டு மாடியும் தெரிந்தது. அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்காத தூரம். நானும் கூப்பிடவில்லை.

மூடியைத் திறந்து செல்போன் விளக்கை உள்ளே அடித்தேன். அண்ணே, உள்ளே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? கட்டிய நாளன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஈரம் பட்ட தடமே இல்லை. தரையில் சிமெண்ட் தூள். ஒரு மூலையில் கொத்தனார் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. “யாராவது இருக்கீங்களா” என்று சும்மா கத்திப் பார்த்தேன். என் குரல் நாலு பக்கமும் முட்டித் திரும்பி வந்தது. கீழேயிருந்து பழனிவேல் அண்ணன், “என்னாம்மா, யார்கிட்ட பேசிகினு இருக்க?” என்றார்.

தொட்டி ஒழுகவில்லை. ஒழுக ஏதாவது இருந்தால்தானே. இறங்கி மோட்டார் அறையைத் திறக்கச் சொன்னேன். மோட்டாரின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. சுவரில் மீட்டருக்கான பலகை மட்டும் இருக்கிறது. மீட்டர் இல்லை, வயர் இல்லை. மின்கம்பம் எதிரிலேயே நிற்கிறது.

“கரண்டு குடுத்தா ஒடனே ஓடும்மா. மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல” என்றார் பழனிவேல் அண்ணன்.

“ஏன் குடுக்கல?”

“அதான் எனக்கும் தெரியல. வந்த நாள்லேருந்து கேட்டுகினு இருக்கறேன். யாரும் சொல்ல மாட்றாங்க.”

ஆகக் கேள்வி இப்போது கொஞ்சம் சின்னதாகிவிட்டது. தண்ணீர் ஏன் வரவில்லை என்பது போய், கரண்ட் ஏன் வரவில்லை என்று ஆகியிருக்கிறது. ‘ஏன்’ என்று கேட்டால் பதில் கிடையாது என்கிறாய். சரி, மின் இணைப்பு தொடர்பாக மின்வாரியத்துக்குப் போன கடிதம், அங்கிருந்து வந்த கடிதம் இரண்டின் நகலும் கேட்கிறேன். மனு தனியாக இணைத்திருக்கிறேன், வில்லையோடு.

இந்தத் தாளில் வில்லை இல்லை. இதற்குச் சொல்: நீ ஒரு தடவையாவது அந்தத் தொட்டியை வந்து பார்த்தாயா?

இசை


18.8.2025

பாப்பா,

பார்க்கவில்லை. நான் இந்த ஆபீசுக்கு மாற்றலாகி வந்தபோதே தொட்டி கட்டி முடித்திருந்தார்கள். கோப்பில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று இருந்தது. அதைப் பார்த்து உனக்கு எழுதினேன். என் வேலையில் அப்படித்தான். ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாள் எழுதுவோம்.

உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை டீக்கடையில் நிறுத்திவிட்டு உன் தெருமுனைக்கு வந்தேன். நீ லேபுக்குப் போகாத நாள் என்று தெரிந்தேதான் வந்தேன். ஆனால் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், “என்னா சார், இடிக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.

மறுநாள் மின்வாரியப் பிரிவு ஆபீசுக்கு நேரிலேயே போனேன். அங்கே உதவியாளராக இருக்கும் ஜெயப்பிரகாஷ், என்னோடு படித்தவன், கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“நாங்க ஆள அனுப்பினோம்டா. நீங்க எழுதிக் குடுத்த எடத்துல தொட்டியே இல்ல. லாரி ஷெட்டுதான் இருக்குது. ஷெட்டுக்கு ஏற்கனவே கரண்டு இருக்குது. அப்ப நாங்க யாருக்குக் குடுக்கறது?”

விஷயம் இதுதான். தொட்டிக்கு ஒதுக்கிய இடம் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி நிலம். அதில் பேரூராட்சித் தலைவரின் மைத்துனர் ராஜாங்கம் லாரி ஷெட் போட்டிருக்கிறார். அதைக் காலி செய்யச் சொல்ல யாருக்கும் மனமில்லை. தொட்டியைத் தள்ளிக் கொண்டுவந்து உங்கள் தெருமுனையில் கட்டிவிட்டார்கள். தாளில் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. மின்வாரிய ஆள் தாளில் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்து, தொட்டி இல்லை என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார். ஆக, அவர்கள் கணக்கில் தொட்டியே கிடையாது. எங்கள் கணக்கில் அது பயன்பாட்டில் உள்ளது.

இடம் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதித் திருத்தினால் போதும். செயல் அலுவலர் குஞ்சிதபாதம் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரே வரிதான், செங்குட்டுவன். அத எழுதினா, ஏன் மாத்தினீங்கன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு யார் பதில் சொல்றது? மனுதாரர் உங்க தங்கச்சியாமே. வூட்டுலயே பேசி முடிச்சுடுங்க.”

நாம் வீட்டில் பேசிக்கொள்வதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

தலைவரும் கூப்பிட்டு விசாரித்தார். சத்தம் போடவில்லை. அபி பிளஸ் டூவா, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். என் மகள் படிப்பை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்குப் புரிந்தது. இந்த வருடம் என்னைத் தூக்கி எங்காவது போட்டால் அவள் படிப்பு, அம்மாவின் முழங்கால் வலி, உன் அண்ணியின் அங்கன்வாடி வேலை, எல்லாவற்றையும் யார் பார்ப்பது?

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். காரணம் என்னவென்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாய், சொல்லிவிட்டேன். அதோடு விடு.

இன்னொன்று. உன் மாமியார் ஏணிக்குக் கீழே நின்றதை எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அவர் நம் வீட்டில் காபியைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனாரே, அது எனக்கு மறக்கவில்லை. அம்மா இரவல் வாங்கிய புது டம்ளரில் கொடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அதனால்தான் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றேன். நீ அதைக் கேட்காமல் பதிவு அலுவலகத்துக்குப் போனாய்.

செங்குட்டுவன்


25.8.2025

அண்ணனுக்கு,

மனுவைத் திரும்பப் பெறப் போவதில்லை.

நீ எனக்குத் தனியாகச் சொன்னது தகவல் இல்லை அண்ணே. எனக்கு மட்டும் தெரிந்தால் அதுவும் பாம்புக் கதை மாதிரி இன்னொரு கதைதான். தெருவில் நான் சொன்னால் நாலாவது ஆள் சொல்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் வந்தால்தான் அதை வைத்துக்கொண்டு மேலே ஒரு படி ஏற முடியும்.

அபியை நினைத்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

காபி விஷயம். மூன்று வருடமாக நானும் அதைக் கேட்காமலேயே இருந்தேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம், என் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

“அத்தை, அன்னிக்கு எங்க வீட்டுல ஏன் காபி குடிக்கல?”

அவர் கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சர்க்கரை, விரதம் என்று ஏதாவது சொல்வார், நானும் நம்பியதுபோலக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“குடிக்க மனசு வரல. ஊர்ல எங்கம்மா அப்படித்தான் சொல்லி வளத்தா. நான் வேற மாதிரி இருக்கணும்னு அதுவரைக்கும் யோசிக்கவே இல்ல” என்றார். கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டே, “ஒங்கண்ணன் பாத்துட்டானோ?” என்று கேட்டார்.

“பார்த்துட்டாங்க.”

“பாத்துருப்பான். அவன் மொகம் எனக்கு ஞாபகம் இருக்கு.”

அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காமல் இருந்த மூன்று வருடத்தைவிட அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று அப்படியே எழுதுகிறேன்.

நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று எழுதினாலும் உன்மேல் கோபப்பட மாட்டேன். மேல்முறையீட்டுக்குப் போவேன். அவ்வளவுதான்.

இசை


5.9.2025

பேரூராட்சி அலுவலகம், ஊத்தங்கொல்லை.

பார்வை: மனுதாரரின் 7.8.2025 நாளிட்ட மனு.

1. கோரப்பட்ட இரு கடிதங்களின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.

2. மேற்படி தொட்டி, பள்ளியை அடுத்துள்ள பேரூராட்சி நிலத்தில் கட்ட அனுமதி வழங்கப்பட்டது. அந்த இடத்தில் தனிநபரின் லாரி நிறுத்துமிடம் உள்ளது. தொட்டி வள்ளலார் நகர் தெருமுனையில் கட்டப்பட்டுள்ளது. இடமாற்றத்துக்கான உத்தரவு எதுவும் இவ்வலுவலகக் கோப்பில் இல்லை.

3. அனுமதிக்கப்பட்ட இடத்தில் தொட்டி காணப்படாததால் மின் இணைப்பு விண்ணப்பம் திருப்பப்பட்டது. மறு விண்ணப்பம் அனுப்பப்படவில்லை.

4. இவ்வலுவலகத்தின் 27.6.2025 நாளிட்ட பதிலில் ‘தொட்டி பயன்பாட்டில் உள்ளது’ எனத் தெரிவிக்கப்பட்டது தவறு. தொட்டி பயன்பாட்டில் இல்லை.

பா. செங்குட்டுவன்
பொதுத் தகவல் அலுவலர்


26.10.2025

அண்ணனுக்கு,

இது மனு இல்லை. வில்லை ஒட்டவில்லை. விருப்பம் இருந்தால் பதில் எழுது.

உன்னை மாற்றிவிட்டார்கள் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன வாரம் சர்க்கரை பார்க்க எங்கள் லேபுக்கு வந்திருந்தாள். வேண்டுமென்றேதான் வந்திருக்கிறாள். ஊத்தங்கொல்லையிலேயே லேப் இருக்கிறதே. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “ஒங்கண்ணன மலைக்கிட்ட தூக்கிப் போட்டுட்டாங்க. தீவாளிக்கு வந்து ஒரு நாள் இருந்துட்டு ஓடிட்டான். நீ என்னா கேட்ட, அவன் என்னா சொன்னான்? எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

நான் முழுக்கச் சொன்னேன். லாரி ஷெட், தொட்டி, கரண்ட் எல்லாம். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “இதக் கேக்கவா இத்தினி மாசம்?” என்றாள்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உன் பதிலை நகலெடுத்துத் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். மளிகைக்கடைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். நாலாவது வரி வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். கவர்மெண்டே தவறு என்று எழுதியிருக்கிறது பார் என்று எல்லாரும் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை வேன் பிடித்துக் கடலூருக்குப் போய்க் கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். என் மாமியார்தான் முன்னால் நின்று பேசினார். அவருடைய தெற்கத்திப் பேச்சு அந்த அதிகாரிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “இத யாரு எழுதிக் குடுத்தது?” என்று கேட்டார். “ஆபீஸ்லயே குடுத்தாக” என்றார் அத்தை. அதிகாரி இன்னொரு தடவை படித்தார்.

பிறகு இரண்டு பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். மன்றத்தில் இடத்தைத் திருத்தித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். லாரி ஷெட் அப்படியேதான் இருக்கிறது. அது அடுத்த கேள்வி.

என்னால்தானே உனக்கு மாற்றல்? அபி எப்படி இருக்கிறாள்?

இசை


5.11.2025

பாப்பா,

உத்தரவில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று இருக்கிறது. யாருடைய நலன் என்று நீ ஒரு மனு போட்டுக் கேட்கலாம்.

நீ காரணம் என்று நினைக்காதே. நான் பெரிய வீரன் என்றும் நினைக்காதே. அந்தச் சட்டப்படி தவறான தகவல் கொடுத்தால் அபராதம் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள், குஞ்சிதபாதம் சார் சம்பளத்தில் இல்லை. அந்தப் பயமும் இருந்தது. ஆனால் அன்று தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது அதெல்லாம் நினைவில் இல்லை. தொட்டிக்குள் நீ கத்தியதும், உள்ளே யாரும் இல்லாததும்தான் ஞாபகத்தில் இருந்தது. பயன்பாட்டில் இல்லை என்று அடித்து முடித்ததும் கை லேசாகிவிட்டது. சார் படித்துப் பார்த்தார். எனக்கு டீ வரவழைத்தார்.

அபி நன்றாகப் படிக்கிறாள். நான் இல்லாதது வசதி என்கிறாள். சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்து திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பிவிடுகிறேன். இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சோறு ஆக்கப் பழகிவிட்டேன், குழம்புதான் இன்னும் கைக்கு வரவில்லை.

இதுவும் ஒரு சின்னப் பேரூராட்சிதான், மலையடிவாரம். வந்த முதல் வாரமே கோப்பில் இருக்கும் தொட்டிகளையெல்லாம் நேரில் பார்க்கப் போனேன். தலைமை எழுத்தர் வெயிலில் நடந்து வருவதைப் பார்த்து இங்கே ஒரே சிரிப்பு. எல்லாம் கோப்பில் சொன்னபடியே இருந்தன. திரும்பி வரும் வழியில், புளியந்தோப்புக்குப் பின்னால் இன்னொரு தொட்டியைப் பார்த்தேன். நல்ல பெரிய தொட்டி. காலையும் மாலையும் அதிலிருந்து இரண்டு தெருவுக்குத் தண்ணீர் போகிறது. பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசுக்கு வந்து கோப்பைப் புரட்டினால், அப்படி ஒரு தொட்டியே கிடையாது. யார் கட்டியது என்று தெரியவில்லை. மோட்டார் போடுவது யார், கரண்டுக்குப் பணம் யார் கட்டுகிறார்கள் என்றும் தெரியவில்லை. இயக்குநரைக் கேட்டேன். “அது நம்முது இல்ல சார். ஆனா ஓடும்” என்கிறான்.

உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

ஒரு விஷயம். வாரத்தில் ஆறு நாள் நான் அங்கே இல்லை. அம்மாவை லேபுக்கு வரவைக்காதே, நீயே வீட்டுக்குப் போய்ப் பார். வா என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் மாமியாரைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். ஒன்றும் இல்லை என்று அவர் மழுப்பியிருந்தால் என் கோபம் அப்படியே இருந்திருக்கும். இப்போது அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறு.

உன் அண்ணன்,
செங்குட்டுவன்


21.11.2025

அண்ணே,

தண்ணீர் வந்துவிட்டது.

நேற்றுக் காலையிலிருந்து நல்ல மழை. லேபுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். இது மூன்றாவது தடவை. முதல் தடவை வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று யோசித்தேன். “என்னா, அதுக்கும் மனு போடணுமா?” என்றாள் அண்ணி. இப்போதெல்லாம் நேரே அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அபி எனக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறாள்.

பழனிவேல் அண்ணன் போன் போட்டார். “மீட்டர் மாட்டிட்டாங்கம்மா. சாயந்தரம் வுடப் போறேன். நீ இல்லாம வுட மாட்டேன்.” அம்மா நானும் வருவேன் என்று புடவை மாற்றிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து அழைத்து வந்தேன்.

மழை கொட்டுகிறது. எல்லா வீட்டுக் கூரையிலிருந்தும் ஊற்றுகிறது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீர் யாருக்கு வேண்டும்? ஆனால் ஒரு ஆள்கூட வீட்டில் இல்லை அண்ணே. குடை பிடித்துக்கொண்டும், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டும், ஆளுக்கொரு குடத்தோடு அவரவர் குழாய் முன்னால் நிற்கிறார்கள். மோட்டார் காலையிலிருந்து ஓடித் தொட்டியை நிரப்பியிருந்தது. பழனிவேல் அண்ணன் வால்வைத் திறந்தார். முதலில் காற்று சீறியது. பிறகு சுண்ணாம்பு கலந்தாற்போல வெள்ளையாகக் கொஞ்சம். அதைப் போகவிட்டோம். அப்புறம் தெளிவாக வந்தது. யாரும் கைதட்டவில்லை. மளிகைக்கடைக்காரர் மட்டும், “ஒழுகும்னு நெனச்சேன், ஒழுகல” என்றார்.

அத்தை குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பும்போது அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அம்மாதான் முதலில், “மழையில நனையாதீங்க, முட்டி புடிச்சுக்கும்” என்றாள். “எனக்கு ஏற்கனவே பிடிச்சாச்சு” என்றார் அத்தை. பிறகு இரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசல் ஓரமாக நின்று முழங்காலுக்கு என்ன தைலம் தேய்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

லேபுக்குக் கொண்டுபோக அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து வைத்திருக்கிறேன். வந்துவிட்டது என்பதற்காக அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட முடியாதே.

உன் புளியந்தோப்புத் தொட்டிதான் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. பஸ்ஸில் போகும்போதும் அதே யோசனை. இங்கே எல்லாத் தாளிலும் இருந்த தொட்டியில் தண்ணீர் வரவில்லை. அங்கே ஒரு தாளிலும் இல்லாத தொட்டியிலிருந்து தினமும் வருகிறது. தெருக்காரர்களே காசு போட்டுக் கட்டியிருப்பார்கள் என்கிறார் உன் மாப்பிள்ளை. பழைய ஜமீன் குடும்பம் ஏதாவது இருக்கும் என்கிறார் மாமா. அத்தை, “யாருன்னு தெரிஞ்சா ஆபீஸ்காரன் போயிக் கெடுத்துருவான், ஒங்கண்ணன சும்மா இருக்கச் சொல்லு” என்கிறார். எனக்கு யார் என்று தெரிந்தே ஆக வேண்டும். இதற்குள் நீ கண்டுபிடித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

அதை எழுதி அனுப்பிவிடாதே. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் இங்கே வந்து சொல்.

உன் தங்கை,
இசை